ஜெபசீலன் போர்டு

நவம்பர் 6, வியாழன்

மழை. என் பழைய கம்ப்யூட்டர் கடையில் வியாபாரம் மந்தம். முடிச்சூரில் மரம் செதுக்கும் மெஷின் வைத்திருக்கும் ஜெபசீலன் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார். கூடுவாஞ்சேரி சர்ச்சுக்குப் பலிபீடப் பலகை ஆர்டராம். பாதி செதுக்கும்போதே கம்ப்யூட்டர் திணறி நிற்கிறது, தேக்கு பாழாகிறது. மெஷினை ஓட்டும் கார்டு அதிலுள்ள பழைய மதர்போர்டில் மட்டும்தான் வேலை செய்யும்.

"போர்டு போச்சுன்னா மெஷினையே எடைக்குப் போடணும்க்கா."

போர்டை வைத்துக்கொண்டே ப்ராசசரை மட்டும் மாற்றலாம் என்றான் என் மெக்கானிக் ஆல்வின். சர்வரிலிருந்து கழற்றிய புதிய ரகம். அடியில் ஒரு அடாப்டர் வேண்டும். போனிலேயே ஆர்டர் போட்டு, அடாப்டரையும் மாட்டியே அனுப்பச் சொன்னேன். ஜெபசீலனிடம் "நான் கேரண்டி" என்றும் சொல்லிவிட்டேன். இந்த வாய் இருக்கிறதே.

நவம்பர் 8, சனி

பார்சல் வந்தது. எந்தப் பொருள் வந்தாலும் செய்வதுபோல, அனுப்பிய கடையின் ஸ்டிக்கர்களை உரித்து, துடைத்து, ஆல்வினிடம் கொடுத்தேன்.

"அக்கா, அடாப்டரைக் காணோமே?"

"மாட்டித்தான் அனுப்பிருக்கான். நீ போடு."

ப்ராசசர் உட்கார சாக்கெட்டில் இரண்டு பிளாஸ்டிக் மொட்டுகளைச் சீவ வேண்டுமாம். பக்கத்திலேயே முடி மாதிரி பின்கள். பிளேடு போகும்போது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மாட்டினான். ஃபேன் சுற்றியது. ஸ்கிரீன் கறுப்பு. மறுபடியும் கறுப்பு.

"அடாப்டர் இல்லாம எப்படிக்கா ஓடும்?"

"பிளேடை வெச்சு நோண்டிட்டு, இப்ப அடாப்டர்ங்கிறியா? பின்னை வளைச்சுட்டே!"

"லென்ஸ் தரேன், நீங்களே பாருங்க." கடைச் சாவியை மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

பழைய ப்ராசசரைத் திரும்பப் போடலாம் என்றால், எக்ஸ்சேஞ்சில் வந்ததென்று காலையிலேயே விற்றுத் தொலைத்தேன். வேறு வாங்கலாம் என்றால், நாளை மார்க்கெட் லீவு.

நவம்பர் 9, ஞாயிறு

ஜெபசீலன் போன். "நாளைக்கு வண்டி அனுப்பட்டுமாக்கா?" அனுப்புங்க என்றேன். ஏன் சொன்னேன்?

பார்சல் அனுப்பியவனைக் கூப்பிட்டுக் கத்தினேன். அவன் நிதானமாகச் சொன்னான்: "அடியில ஒட்டித்தான் அனுப்பினேன் மேடம். மெல்லிசா, ஸ்டிக்கர் மாதிரி இருக்கும்."

ஸ்டிக்கர்.

ஓடிப்போய்க் கடையைத் திறந்தேன். உரித்ததையெல்லாம் மேஜையின் அடி ஓரத்தில்தானே ஒட்டுவேன்? கைவிட்டுத் தடவினேன். ஒன்றில் மட்டும் தங்க நிறத்தில் பொடிப்பொடிக் கோடுகள். ஒரு மூலை மடங்கியிருந்தது. பாலிதீன் தாளில் ஒட்டி எடுத்துக்கொண்டு வண்டலூரில் ஆல்வின் வீட்டுக்குப் போனேன். மன்னிப்பு கேட்க வாய் வரவில்லை. "நான்தான் உரிச்சேன்" என்றேன். ஆல்வின் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். மடங்கிய மூலையை நகத்தால் நீவிவிட்டான். சாவியை நீட்டினேன் — வாங்கவில்லை.

நவம்பர் 10, திங்கள்

கடை திறக்கும்போது வாசலில் ஆல்வின். இடுக்கியால் ஸ்டிக்கரைப் பிடித்து அடியில் ஒட்டினான். என்னைத் தள்ளி நிற்கச் சொன்னான். நின்றேன். ஸ்விட்ச் போட்டான். கறுப்பு... கறுப்பு... எழுத்து வந்தது.

ஜெபசீலன் வண்டியும் வந்தது.

நவம்பர் 14, வெள்ளி

ஜெபசீலன் வீடியோ அனுப்பியிருக்கிறார். தேக்கில் திராட்சைக் கொடி, நிற்காமல் ஓடுகிறது.

சாயங்காலம் புது லாட் சரக்கு வந்தது. பிரிக்கப் போனால், பெட்டிமேல் ஆல்வின் கையெழுத்தில் ஒரு ஸ்டிக்கர்: 'அக்கா உரிக்கக் கூடாது.' கஸ்டமர் எல்லாரும் பார்க்கிறார்கள். அவன் குனிந்து ஸ்க்ரூ முடுக்குவதுபோல் பாவனை செய்தான்.

உரிக்கவில்லை.