ஆறு மணிக்கு வந்த அழைப்பு

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். வேளைக்குச் சாப்பிடுகிறேன், காய்ச்சல் தலைவலி எதுவும் இல்லை. உன் முழங்கால் எப்படி? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா?

இங்கே ஒரு கூத்து. ஊழியர்கள் வீட்டுக் கம்ப்யூட்டரிலிருந்து போன் வழியாக ஆபீஸ் கம்ப்யூட்டருக்குள் நுழைவதற்காக, ஒரே எண்ணில் முப்பது அழைப்புகளை வாங்கும் டிஜிட்டல் லைன் போட்டிருக்கிறேன். போனை எடுப்பது ஆள் இல்லை, மோடம் என்ற பெட்டி; கீச்சென்று கத்தும். தினமும் மாலை ஆறு மணிக்கு ஓர் அழைப்பு வந்து, இணைப்புக் கிடைக்காமல், ஒரு நிமிடத்தில் அறுந்தது. கார்டை மாற்றினேன், கேபிளை மாற்றினேன், மண்டை காய்ந்தது. டெலிபோன்காரர், "லைன் தங்கமா இருக்கு தம்பி, உங்க பெட்டியப் பாருங்க" என்று போய்விட்டார். மேனேஜர், "வெள்ளிக்கிழமைக்குள்ள சரி பண்ணு, இல்லேன்னா ஊருக்குக் கிளம்பு" என்றார். சும்மா மிரட்டல்தான்.

நேற்றுதான் அழைத்தவர் எண்ணைத் திரையில் பார்த்தேன். நம் வீட்டு எண்! என் மேஜை எண்ணுக்குப் பதிலாக இந்த எண்ணை உனக்கு எழுதித் தொலைத்திருக்கிறேன்.

அந்தக் கத்தலைக் கேட்டும் ஒரு நிமிடம் ஏன் வைக்காமல் இருந்தாய்? அதனிடம் என்ன சொன்னாய்? ஒன்றும் புரியவில்லை.

சரியான எண் பின்பக்கம் இருக்கிறது. என் பழைய போர்வையையும் நகவெட்டியையும் அனுப்பு.

இன்று ஆறு மணிக்கு அழைப்பு வரவில்லை. "பாத்தியா, சரியாயிடுச்சு" என்று மேனேஜர் தோளில் தட்டினார். ஏழு வரை திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் வீட்டுக்குக் கூப்பிட்டும் யாரும் எடுக்கவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே? உடனே கூப்பிடு. தப்பான எண்ணாக இருந்தாலும் பரவாயில்லை.

தபால் எடுக்க ஆள் வந்துவிட்டான்.

உன் மகன்