வால்வின் மேல் சிவப்புக் கோடு

நெயில் பாலிஷ் வாசனை வந்தால் உன் ஞாபகம்தான் வருகிறது, மச்சான். குழாய் வேலை பார்த்த ஒருவனை நினைக்க இதுவா கிடைத்தது என்று நீயே சிரிப்பாய். இன்று கிள்ளானில் உன் வீட்டுக்குப் போய்விட்டு வந்தேன். விரலில் இன்னும் அந்த வாசனை இருக்கிறது. ஒரே அலுப்பு. கை கழுவக்கூட எழ மனமில்லை.

பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடிகளில் நாம் சேர்ந்து வேலை பார்த்தபோதுதான் உனக்கு அந்தப் பழக்கம் வந்தது. தொட்டி மொட்டை மாடியில் இருக்கும். கீழ்மாடிக்காரர்களுக்குத் தண்ணீர் குழாயைப் பிய்த்துக்கொண்டு வரும். அதற்காகத்தான் அழுத்தம் குறைக்கும் வால்வு. உள்ளே ஸ்பிரிங் வழியைத் திறக்கப் பார்க்கும். வீட்டுப் பக்கம் அழுத்தம் ஏறினால் தண்ணீரே ரப்பர் தகட்டைத் தள்ளி வழியை அடைக்கும். இரண்டும் எங்கே சமாதானம் ஆக வேண்டும் என்பதைத் தலையில் உள்ள திருகாணி சொல்லும். நாம் சரியாக வைத்துவிட்டு வருவோம். தொட்டி வற்றித் தண்ணீர் நூலாக வரும் நாளில் யாராவது அதை முறுக்கிவிடுவார்கள். தண்ணீர் திரும்பி வந்ததும் ஏதாவது ஒரு ஹோஸ் வெடிக்கும்.

"இது கொறைக்கிற சாமான்லா ஆன்டி! வராத தண்ணிய இது எங்கேர்ந்து கொண்டுவரும்?" என்று கத்துவாய். பிறகு மனைவியின் நெயில் பாலிஷைச் சுட்டுக்கொண்டு வந்து, திருகாணியிலிருந்து வால்வின் உடம்பு வரை சிவப்பாக ஒரு கோடு இழுத்தாய். திருப்பினால் கோடு உடைந்து ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும்.

பக்கத்தில் பம்ப் நிலையம் என்பதால் உன் கிள்ளான் வீட்டிலும் ஒரு வால்வு போட்டு, கோடும் இழுத்தாய். அங்கேயே ஒருநாள் கோடு உடைந்திருந்தது. "எலி திருப்பிருச்சு போல" என்று உன் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பழையபடி வைத்து, அவளிடமே பாட்டிலை வாங்கிப் புதுக்கோடு போட்டாய். அதுதான் நீ போட்ட கடைசிக் கோடு.

அந்த வால்வு இப்போது செத்துவிட்டது. குழாய்களை மூடினாலும் உள்ளே அழுத்தம் ஏறிக்கொண்டே போகிறது. கழிவறை ஹோஸ் வெடித்துக் கூடம் வரை தண்ணீர். மாற்ற விடமாட்டேன் என்றாள். உள்ளே ரப்பரை மட்டும் மாற்றுவதென்றாலும் திருகாணியைத் தளர்த்த வேண்டும், கோடு உடையும். அதனால் முட்டி வலியோடு வாசலுக்குப் போய் மெயின் குழாயைத் திறப்பாள், வேலை முடிந்ததும் போய் மூடுவாள்.

"பரவால்லண்ணே, பழகிப்போச்சு. அவரு கை வச்சபடியே இருக்கிறது அது ஒண்ணுதான்."

இப்படிச் சொல்பவள் முன்னால் ஸ்பானரோடு எப்படி நிற்பது? ஒவ்வொரு தடவையும் தேநீர் குடித்துவிட்டுத் திரும்பிவிடுவேன். உன் மேல்தான் கோபம் வரும்.

இன்று காலை அவளே கூப்பிட்டாள். ஈர வாசலில் வழுக்கி, கேட்டைப் பிடித்துத் தப்பித்திருக்கிறாள். போனபோது படியில் உட்கார்ந்திருந்தாள்.

"இதுக்காக நான் விழுந்து கெடந்தா அவரு என்னைத் திட்டியே கொன்னுருப்பாரு. கழட்டுங்கண்ணே."

திருகாணியைத் தொடாமல் வால்வை முழுசாகக் கழற்றினேன். புதுசைப் போட்டு, மீட்டர் வைத்து அழுத்தம் பார்த்தேன். அவள் உள்ளே போய் அந்தப் பாட்டிலைக் கொண்டுவந்தாள். நீ போனதிலிருந்து திறக்காதது. மூடியைப் பிளையரால் திருக வேண்டியிருந்தது. கோட்டை அவளே போட்டாள். கோணலாக விழுந்தது. பிரஷில் இருந்த மிச்சத்தைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு தன் சுண்டுவிரல் நகத்தில் தடவிக்கொண்டாள்.

"பைத்தியம் மாதிரி இருக்கில்லண்ணே?"

"இல்லம்மா" என்றேன்.

பழசை நீட்டினேன். "நீங்களே வச்சுக்குங்க" என்றாள்.

நாளைக்குக் காஜாங்கில் வேலை. பை ஏற்கெனவே தோளை அறுக்கிறது. இருந்தும் அந்தப் பழைய பித்தளை வால்வை வெளியே எடுத்து வைக்க மனம் வரவில்லை. கோடு உடையவில்லை, மச்சான்.