பூட்டிய வீட்டில் ஓடிய மீட்டர்

கடலூர் முதுநகர்
மார்ச் 13

அன்புள்ள மகள் பிரிசில்லாவுக்கு உன் அப்பா பொன்னுரங்கம் எழுதுவது. ஆண்டவர் தயவில் எனக்கும் உன் அம்மாவுக்கும் சாப்பாடும் தூக்கமும் ஒழுங்காக நடக்கிறது. சிதம்பரத்தில் உன் தம்பி ராஜவேலுக்குக் கால் கட்டைப் பிரித்துவிட்டார்கள், கம்பு ஊன்றிக்கொண்டு கடைத்தெரு வரை போய் வருகிறான். லூதியானாவில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அதே போல் இருக்கிறீர்கள் என்று உன் கையால் நாலு வரி எழுதிப் போடு. போனில் சொன்னால் கணக்கில் சேராது, ஏனென்றால் இப்போது எனக்குப் படிக்கத் தெரியும்.

இந்தக் கடிதத்தை நான்கு நாளாக எழுதுகிறேன். துறைமுகத்துக் கிடங்கில் அறுபது மூட்டை இறக்கினாலும் வலிக்காத தோள் அரைப் பக்கம் எழுதினால் வலிக்கிறது. ஸ்ரீமதி டீச்சர் சாயங்கால வகுப்பில், பேனாவை மூட்டை மாதிரி பிடிக்காதீங்கய்யா, அது ஓடிப் போயிடாது என்று சொல்கிறார். உன் அம்மாவுக்கு இதெல்லாம் வேடிக்கை. ஆனாலும் நான் எழுதும்போது டிவியைச் சத்தம் குறைத்து வைக்கிறாள், அதை நான் சொன்னேன் என்று நீ அவளிடம் சொல்லாதே.

கரண்ட் பில் விஷயத்தைத்தான் எழுத உட்கார்ந்தேன். நாலாம் தேதி உன் போனுக்குத் தகவல் வந்ததும் நீ எனக்குப் போட்டுக் கேட்டாய், என்னப்பா ஏசி வாங்கிட்டீங்களா என்று. எப்போதும் இருநூறு ரூபாய்க்குள் வருகிற பில் இந்தத் தடவை இரண்டாயிரத்து நானூற்று இருபத்தேழு. ஐந்நூற்று நாற்பது யூனிட். நீ உடனே கட்டிவிடுகிறேன் என்றாய், நான் கட்டாதே என்றேன். பொங்கல் முடிந்து பதினெட்டாம் தேதி தம்பியைப் பார்த்துக்கொள்ள நாங்கள் சிதம்பரம் போனோம், மார்ச் ஒன்றாம் தேதிதான் வீட்டைத் திறந்தோம். நாற்பத்து மூன்று நாள் பூட்டிக் கிடந்த வீட்டில் யார் உட்கார்ந்து விசிறி போட்டுக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரிய வேண்டும் என்றேன். நீ சிரித்துவிட்டு வைத்துவிட்டாய்.

அன்றைக்கே கரண்ட் ஆபீசுக்கு மனு எழுத உட்கார்ந்தேன். யாரிடமும் போய் நிற்காமல், பத்து ரூபாய் கொடுக்காமல், கட்டைவிரலில் மை தடவாமல் நானே எழுதும் முதல் மனு. நீங்க எழுதி முடிக்கறதுக்குள்ள அடுத்த பில்லு வந்துடும் என்று உன் அம்மா சொன்னாள். இரண்டு நாளில் முடித்தேன். வீடு பூட்டியிருந்தது, மீட்டரைச் சோதிக்க வேண்டும் என்பதோடு நிறுத்தியிருக்கலாம். தாளில் கொஞ்சம் இடம் மிச்சம் இருந்தது. கணக்கெடுக்க வந்த பெண் மீட்டரைப் பார்க்காமல் மனதுக்கு வந்ததை எழுதியிருக்கிறார் என்று ஒரு வரி சேர்த்தேன். நான் பார்க்கவில்லை, யாரும் எனக்குச் சொல்லவும் இல்லை. எழுதும்போது அந்த வரி நன்றாக வந்தது, அதனால் விட்டுவிட்டேன். மறுநாள் மஞ்சக்குப்பம் போய்க் கொடுத்தேன். யாருய்யா எழுதிக் குடுத்தது என்று அங்கிருந்தவர் கேட்டார், நான்தான் என்றேன், என்னையும் தாளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு நகலில் முத்திரை போட்டுக் கொடுத்தார். திரும்பி வரும் பஸ்ஸில் திருவந்திபுரத்தில் மொட்டை போட்டு வந்த கூட்டம், தலையெல்லாம் சந்தனம், நிற்க இடமில்லை. ஆனால் அந்த முத்திரையைப் பார்த்துக்கொண்டே வந்ததில் முதுநகர் வந்ததே தெரியவில்லை.

மூன்றாம் நாள் காலை ஒரு பெண் ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். மெலிந்த பெண், தோளில் பை, உன் சின்னம்மா மகள் சாயல். பெயர் கயல்விழி. சிதம்பரத்திலிருந்து தினமும் பாசஞ்சரில் வந்து போகிறவளாம். பொன்னுரங்கம்ன்றது நீங்கதானய்யா, என்னப் பாத்தா மீட்டரப் பாக்காம எழுதறவ மாதிரியா தெரியுது என்று கேட்டாள். சண்டைக்கு வந்திருந்தால் நானும் சண்டை போட்டிருப்பேன். அவள் கேட்டுவிட்டுக் கொஞ்சம் தண்ணீர் வேண்டும் என்றாள். உன் அம்மா சொம்பில் கொண்டுவந்து கொடுத்து என்னை ஒரு பார்வை பார்த்தாள். என் மனுவை வைத்து அந்தப் பெண்ணிடம் விளக்கம் கேட்டிருக்கிறார்கள், ஒரு வாரத்தில் பதில் எழுதிக் கொடுக்க வேண்டும். அவளுக்குத் தற்காலிக வேலைதான். இந்த மாதக் கடைசியில்தான் வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று பார்ப்பார்கள். நேரத்துல வந்து சேந்துச்சுய்யா உங்க கடுதாசி என்றாள்.

பிறகு ஸ்டூலைக் கேட்டு வாங்கி மீட்டருக்குக் கீழே போட்டு, நீங்களே ஏறிப் படிங்க என்றாள். அந்தக் கண்ணாடிக்குள் எண்கள் ஒன்று மாற்றி ஒன்று வருகின்றன, தேதி வருகிறது, மணி வருகிறது, அதற்குப் பிறகுதான் நமக்கு வேண்டிய எண் வரும். இத்தனை வருஷமாக அந்த மீட்டரின் கீழேதான் செருப்பு விடுகிறேன், அதற்குள் இப்படி ஒரு ஊர்வலம் போகிறது என்று எனக்குத் தெரியாது. எட்டு, நான்கு, இரண்டு, ஏழு என்று படித்தேன். அவள் நாலாம் தேதி எழுதியது எட்டாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு. அஞ்சு நாள்ல பதினஞ்சு கூடியிருக்கு, நான் கூட்டி எழுதியிருந்தா மீட்டரு அதவிடக் கம்மியா இல்ல காட்டணும், அது பின்னாடி ஓடாதுய்யா என்றாள். ஸ்டூலின் மேல் நின்றபடியே எனக்கு விளங்கிவிட்டது. இறங்குவதற்குத்தான் வெட்கமாக இருந்தது. நீங்க ஊர்ல இல்லன்னு சொல்றீங்க, ஓடியிருக்குன்னு அது சொல்லுது, நடுவுல என்ன நடந்துச்சுன்னு தெரியாம நான் பதில்ல என்னத்த எழுதறது என்று கேட்டுவிட்டு வண்டியை எடுத்தாள். கண்டுபிடித்துச் சொல்கிறேன் என்றேன். எப்படி என்று அவளும் கேட்கவில்லை, எனக்கும் தெரியாது.

அன்று முழுவதும் வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். மீட்டரில் ஒரு சிவப்புப் பொட்டு விளக்கு இருக்கிறது, கரண்ட் ஓடினால் கண் சிமிட்டும். எல்லாம் அணைந்திருந்தபோது அது சிமிட்டவே இல்லை, ஆகவே கசிவு இல்லை. டியூப்லைட்டுக்கு நிதானமாகச் சிமிட்டியது, ஃப்ரிட்ஜுக்குக் கொஞ்சம் வேகமாக. கல்யாணம் ஆன புதுசுல என் மூஞ்சியக் கூட இப்படி உத்துப் பாத்ததில்ல என்று உன் அம்மா சொன்னாள். கடைசியாகப் பின்பக்கம் போய் போர் மோட்டாரைப் போட்டுவிட்டு ஓடி வந்து பார்த்தால் என்னால் எண்ணவே முடியவில்லை, அவ்வளவு வேகமாகச் சிமிட்டுகிறது. நம்முடையது பழைய கம்ப்ரஸர் மோட்டார், ஒரு தொட்டி நிரப்ப ஒரு மணி நேரம் ஆகும் என்பது உனக்குத் தெரியும். அப்போதுதான் ஞாபகம் வந்தது. சிதம்பரம் போகும்போது ஃப்ரிட்ஜைக் கழற்று, விசிறியைப் பார் என்று எல்லாவற்றையும் அணைக்கச் சொன்னவன், மோட்டாரை மட்டும் விட்டுவிடு, வெளிக்குழாயை நம்பி நாலு வீடு இருக்கிறது என்று சொன்னேன். எப்போது ஊருக்குப் போனாலும் நாம் அந்தக் குழாயை மூடுவதில்லை. இந்தத் தெருவில் மற்ற போர்களில் உப்புத் தண்ணீர், நம்முடையது ஒன்றுதான் நல்ல தண்ணீர், அதற்காகத்தானே சுவரைத் துளைத்துத் தெருப்பக்கம் ஒரு குழாய் வைத்தோம். ஆனால் நாலு வீடு குடித்து இவ்வளவு ஆகுமா.

தெருவுக்குப் போய்க் குழாயைப் பார்த்தேன். குழாயில் ஒன்றும் இல்லை. குழாய்க்கு மேலே நம் சுவரில் கரி பூசிக் கிடந்தது. ஊரிலிருந்து வந்த அன்றே பார்த்தேன், பிள்ளைகள் கிறுக்கியிருக்கிறார்கள், ஈஸ்டருக்குச் சுண்ணாம்பு அடிக்கும்போது போய்விடும் என்று விட்டுவிட்டேன். எழுத்து என்றால் ஏதோ வேறு யாருக்கோ எழுதியது என்று நினைக்கிற பழைய பழக்கம் இன்னும் போகவில்லை. இப்போது குனிந்து படித்தேன். ஒன்று செல்லாயி. இரண்டு பக்கிரி வீடு. மூன்று மாரியம்மாள். நான்கு சுப்பராயலு வீடு. அப்படியே கீழே கீழே இருபத்து மூன்று வரை போகிறது. அதற்குக் கீழே, ஒரு வீட்டுக்குப் பத்துக் குடம். அதற்கும் கீழே கொட்டை எழுத்தில், சண்டை போட்டால் கடைசி.

என்ன மாமா, செவுத்துக்கிட்ட சாமி கும்புடுறீங்களா என்று பின்னால் குரல் கேட்டது. எதிர்வீட்டுச் செல்லாயி. இது என்னம்மா என்று கேட்டேன். உங்களுக்குத் தெரியாதா மாமா என்று அவள் ஆச்சரியப்பட்டாள். நாங்கள் ஊருக்குப் போன மறுநாளே கால்வாய் தோண்ட வந்தவர்கள் தெருவுக்கு வரும் குடிநீர்க் குழாயை உடைத்துவிட்டார்களாம், ஒட்டி முடிக்க நாற்பது நாள் ஆகியிருக்கிறது. அத்தனை நாளும் தெருவே நம் குழாயில்தான் பிடித்திருக்கிறது. முன்னெல்லாம் எட்டு மணி ஆனா நின்னுடும், இப்ப நிக்கவே இல்ல மாமா, நீங்க சிதம்பரத்துல ஒக்காந்துக்கிட்டே போன்ல தட்டி வுடுறீங்கன்னு பேசிக்கிட்டோம், ஒங்க பேரச் சொல்லிச் சொல்லித்தான் புடிச்சோம் என்றாள்.

நான் அங்கேயே கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டேன். தட்டிவிட்டது நான் இல்லை, நீ. கிறிஸ்துமஸுக்கு வந்தபோது, அப்பா அஞ்சு மணிக்கு எழுந்து சுவிட்சு போட வேணாம், தொட்டி காலியானா அதுவே போட்டுக்கும் என்று மோட்டாருக்கு ஒரு பெட்டி மாட்டிவிட்டு ரயில் ஏறினாய் இல்லையா, அந்தப் பெட்டி உன்னைப் போலவே சொன்ன வேலையை நிறுத்தாமல் செய்திருக்கிறது. தெரு குடம் வைக்க வைக்க, அது தொட்டியை நிரப்பிக்கொண்டே இருந்திருக்கிறது. ஐந்நூறு யூனிட் ஆனதில் எனக்கு வருத்தம் வரவில்லை பாப்பா. கண்டுபிடித்துவிட்டோம் என்று சந்தோஷம்தான் வந்தது. அதுவும் படித்துக் கண்டுபிடித்தேன்.

ஆனால் அந்தப் பெண்ணைப் பற்றிய வரி முத்திரையோடு ஆபீசில் இருக்கிறது. கட்டுறதக் கட்டிட்டு சும்மா இருங்க, போயி நான்தான் தப்புன்னு எழுதிக் குடுப்பாங்களா யாராச்சும் என்றாள் உன் அம்மா. வீட்டு கரண்டுல தெருவுக்குத் தண்ணி வுட்டேன்னு எழுதினா அபராதம் போட்டுடப் போறாங்க மாமா என்று செல்லாயியும் பயப்படுத்தினாள். எனக்கும் பயம்தான். ஆனால் பணம் கட்டினால் பில் தீரும், நான் எழுதிய வரி எப்படித் தீரும். அதனால் இரண்டாவது மனு எழுதினேன். முதல் மனுவை விட இதுதான் கஷ்டம், நான்கு தாள் கிழித்தேன். கணக்கெடுத்த பெண் எழுதிய எண் சரி, நானே மீட்டரில் படித்துப் பார்த்தேன், அவர் பார்க்காமல் எழுதினார் என்று நான் எழுதியது பொய், ஓடியது என் மோட்டார், தண்ணீர் தெருவுக்குப் போனது என்று எழுதினேன். தெருக்காரர் பெயர் ஒன்றையும் எழுதவில்லை. நேற்றுக் காலை கொண்டுபோய்க் கொடுத்தேன். அதிகாரி இரண்டு தடவை படித்தார். தண்ணிக்குக் காசு வாங்கினீங்களா என்று கேட்டார். இல்லை என்றேன். அப்ப அது எங்க வேலை இல்ல, அடுத்த தடவ ஊருக்குப் போனா பாத்து அணைச்சிட்டுப் போங்க என்று சொல்லி, கயல்விழியின் விளக்கத் தாளோடு சேர்த்து என் மனுவைக் கோத்து வைக்கச் சொன்னார். கோத்து முடிக்கும் வரை நான் நகரவில்லை. வெளியே அந்தப் பெண் நின்றிருந்தாள். மன்னிப்பு என்று வாயால் சொல்ல வரவில்லை, அதுதான் தாளில் இருக்கிறதே என்று நகலைக் கொடுத்தேன். படித்துவிட்டு மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். அடுத்த தடவ நம்பர நீங்க படிங்கய்யா, நான் எழுதிக்கிறேன் என்றாள். மாதக் கடைசியில் அவளை வைத்துக்கொள்வார்களா என்று எனக்குத் தெரியாது. நீ ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தில் அந்தப் பெண்ணையும் சேர்த்துக்கொள்.

ஆகவே பிரிசில்லா, இப்போது பில்லைக் கட்டு. இருபத்து நாலாம் தேதி கடைசி, மறந்துவிடாதே, இந்தத் தாள் ஐந்து நாளில் உன் கைக்கு வந்துவிடும் என்று தபால்காரர் சொன்னார். வீட்டுக்கு நூறு ரூபாய் போட்டுத் தருகிறோம் என்று செல்லாயி வந்து நின்றாள். தண்ணிக்குக் காசு வாங்குனா நாளைக்கு அவங்க குடத்த எடுத்துக்கிட்டு வர்றதுக்கு யோசிப்பாங்க என்று உன் அம்மா அனுப்பிவிட்டாள். கட்டுவது நீ, அதனால் உனக்கும் அது சம்மதமா என்று எழுது. பெட்டியைக் கழற்ற வேண்டாம், ஊருக்குப் போகும் நாளில் மட்டும் அதை அணைத்துவிட்டு, காலையும் மாலையும் ஒவ்வொரு தொட்டி நிரப்பச் சாவியைச் செல்லாயியிடம் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று இருக்கிறேன். கட்டிய ரசீதைப் போனில் அனுப்பாமல் தாளாகவே அனுப்பு, எனக்குப் படிக்க வேண்டும்.

அங்கே இன்னும் குளிர் போகவில்லை என்றாய், நைட் டூட்டிக்குப் போகும்போது காதை மூடிக்கொண்டு போ, பிள்ளைக்கு வெந்நீர் கொடு. மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பைச் சொல். ஆண்டவர் உங்கள் மூவரையும் அவர் கைக்குள் வைத்துக் காப்பாராக, உன் அம்மாவின் முத்தங்கள் குழந்தைக்கு. ஈஸ்டருக்குச் சுண்ணாம்பு வாங்கியாகிவிட்டது. குழாய்க்கு மேலே அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டு அடிக்கச் சொல்லியிருக்கிறேன். பதினேழாவது பெயர் தண்ணீர் தெறித்துக் கரைந்திருக்கிறது, தினமும் காலையில் போய் நின்று பார்க்கிறேன், இன்னும் படிக்க முடியவில்லை. செல்லாயியைக் கேட்டால் சொல்லிவிடுவாள், அதனால் கேட்கவில்லை.

இப்படிக்கு,
தன் கையால் எழுதிய உன் அப்பா,
மு. பொன்னுரங்கம்