இரண்டு நாடா போடுகிறவள்

சிவமயம்

ஆரணி,
14-11-83

என் மகன் சிவப்பிரகாசத்துக்கு அம்மா எழுதிக்கொண்டது. இங்கே நான், உன் அக்கா பச்சையம்மாள், மாப்பிள்ளை வேலு, பிள்ளைகள் எல்லோரும் சாமி புண்ணியத்தில் நன்றாக இருக்கிறோம், என் இடது முட்டியைத் தவிர. அது மழை விட்டால் சரியாகிவிடும் என்று டாக்டர் சொன்னார், மழை எப்போது விடும் என்று கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. நீ சுகமா என்று நான் கேட்கப்போவதில்லை. உன் கடிதத்தைப் பார்த்தாலே தெரிகிறது, நாலு பக்கமும் மூக்கு சிவந்த பிள்ளை எழுதினது மாதிரி இருக்கிறது, இரண்டு இடத்தில் பேனா காகிதத்தைக் குத்திக் கிழித்திருக்கிறது. மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான், எழுத்துக் கூட்டிக் கூட்டி மூன்று நாள் படித்தேன். உன் அக்கா, குடும்மா நான் படிச்சி சொல்றேன் என்று வந்தாள், கொடுக்கவில்லை. அவள் படித்தால் உனக்குச் சாதகமாக நாலு வார்த்தை சேர்த்துப் படிப்பாள். 1965-ல் நீ கணக்கில் தவறினபோது மார்க்கு ஷீட்டையே மாற்றிப் படித்தவள்தானே.

சீமையிலிருந்து நீ பிடில் வாசித்துப் பதிந்து அனுப்பின கேசட் பத்திரமாக வந்தது. நம்மிடம் டேப்ரிக்கார்டர் இல்லை என்பது உனக்குத் தெரிந்தும் அனுப்பியிருக்கிறாய், பரவாயில்லை. மாப்பிள்ளை போய் சவுண்டு சர்வீஸ் வீரனிடம் கேட்டார். கல்யாணத்துக்கெல்லாம் ஒலிபெருக்கி கட்டுவானே அந்த வீரன்தான். அவன் பொருளைத் தனியே அனுப்பமாட்டானாம், கூடவே வந்து கூடத்தில் உட்கார்ந்துகொண்டான். தறியை நிறுத்திவிட்டு எல்லோரும் கேட்டோம். கால்மணி நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு வீரன் என் பக்கம் குனிந்து, ஆயா, வாத்தியம் வாசிச்சிகினே கீறாங்களே, பாட்டு எப்போ ஆரம்பிப்பாங்க என்றான். இதுதாண்டா பாட்டு, வாயால பாடமாட்டாங்க, இருநூத்தம்பது வருஷத்துக்கு முந்தி வெள்ளைக்காரன் ஒருத்தன் எழுதி வச்சது, அதைக் கையாலயே பாடறாங்க என்றேன். ஐயோ பாவம், ஒருத்தருக்குக் கூடவா தொண்டை சரியில்லே என்றான். உன் அக்கா சிரித்த சிரிப்பில் முதல் பாட்டு கெட்டுப்போய் மறுபடியும் முதலிலிருந்து போடவேண்டியதாயிற்று. உன் பிடிலில் ஆட்டுக்குடல் நரம்பு கட்டியிருக்கிறது என்று நீ எழுதினதை மட்டும் நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. பச்சையம்மாளின் மாமியார் இன்னும் சுத்த சைவம், தெரிந்தால் அந்தக் கேசட்டைத் தண்ணீர் தெளித்துத்தான் வாசலைத் தாண்ட விடுவாள்.

இப்போது நான் செய்த தப்பைச் சொல்கிறேன், சிரித்துக்கொள். முதல் பாட்டு பாதி போவதற்குள் எனக்கு உன் மேல் கோபம் வந்துவிட்டது. ஏனென்றால் நீ இரண்டு பேர் வாசிக்கிறோம் என்று எழுதியிருந்தாய், நான் கேட்டது மூன்று பேர். பிடில் ஒன்று, அது நீ. இறகால் கம்பியைக் கிள்ளுகிற அந்தப் பெட்டி, ஹார்ப்சிகார்டு என்று எழுதியிருந்தாயே, அதில் மேலே ஒருத்தி, கீழே ஒருத்தி. மேலே இருப்பவள் நீ சொன்னதைத் திருப்பிச் சொல்கிறாள், சில சமயம் உனக்கு முந்தியே சொல்லிவிடுகிறாள், கீழே இருப்பவள் இரண்டு பேரையும் விட்டுவிடாமல் நடந்துகொண்டே இருக்கிறாள். உன் அக்காவிடம் சொன்னேன், ஏண்டி, இவன் லிஸ்பெத்துன்னு ஒரு பொண்ணு பேருதான் எழுதினான், இன்னொருத்தி யாரு, அவளை ஏன் நம்மகிட்ட மறைக்கிறான் என்று. அவளும் அது யாரும்மா என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டாள். மாப்பிள்ளை ஓடிப்போய், நீ ஆடி மாதம் அனுப்பிய போட்டோவை எடுத்து வந்தார். அதில் பெட்டிக்கு முன்னால் அந்தப் பெண் மட்டும்தான் உட்கார்ந்திருக்கிறாள், ஒல்லியாக, கண்ணாடி போட்டுக்கொண்டு. அப்புறம்தான் எனக்குப் புரிந்தது, அவள் வலது கை ஒருத்தி, இடது கை ஒருத்தி. மூன்று இழை ஓடுகிறது, அதில் இரண்டு அவளுடையது. நெய்கிறவள் காது எனக்கு, தறியில் குறுக்கு நூலை இழுத்துக்கொண்டு ஓடுகிற நாடா எத்தனை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன், ஆள் கணக்கில்தான் தப்பினேன்.

சரி, உன் கடிதத்துக்கு வருகிறேன். ஆறு பாட்டில் நாலு ரிக்கார்டு ஆகிவிட்டது, இன்னும் இரண்டு பாக்கி, அதற்குள் அந்தப் பெண் காரணமே இல்லாமல் கோபித்துக்கொண்டு, பதிவு நடக்கிற சர்ச்சிலிருந்து எழுந்து போய்விட்டாள், டிசம்பர் ஐந்தாம் தேதி சர்ச் மறுபடியும் கிடைக்கும், அதற்குள் வேறு ஆளைப் பிடித்து ஆறையும் முதலிலிருந்து பதியப் போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். காரணம் இல்லை என்று எழுதிவிட்டு மூன்றாம் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் காரணத்தையும் எழுதியிருக்கிறாய். இசைத்தட்டு அட்டையில் உன் பெயர் பெரிதாக மேலே, அவள் பெயர் கீழே சின்னதாக, உடன் வாசிப்பவர் என்று. அதை அவள் கேட்டாளாம், அதற்கு நீ பிடில்தானே முக்கியம் என்றாயாம். இது ஒன்று. இன்னொன்றை நீ எழுதவே இல்லை, அதை நான் சொல்கிறேன். முதல் மூன்று பாட்டில் பிடிலும் பெட்டியும் ஒரே கூடத்தில் இருக்கின்றன. நாலாவது பாட்டில் பிடில் என் காதுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டு கத்துகிறது, பெட்டியைக் காணோம். அதை எங்கே கொண்டுபோய் வைத்தீர்கள், போளூருக்கா? மைக்கை உன் பக்கம் இழுத்து வைக்கச் சொன்னது நீதானே? வீரனைக் கேட்டேன், ஆமா ஆயா, மைக்கு பிடிலுக்குக் கிட்ட போயிட்டிருக்கு, நாதஸ்வரக்காரருங்க நம்மகிட்ட இப்படித்தான் ரகளை பண்ணுவாங்க என்றான். நாலாவது பாட்டு முடிந்ததும் அவள் எழுந்து போயிருக்கிறாள். நான் அங்கே இருந்திருந்தால் மூன்றரைப் பாட்டிலேயே எழுந்து போயிருப்பேன்.

உனக்கு இது புதிதில்லை. 1957-ல் பஜார் ஸ்டுடியோவில் குடும்பப் படம் எடுத்தபோது உனக்கு எட்டு வயசு, போட்டோக்காரர் ரெடி என்றதும் அக்காவை முழங்கையால் தள்ளிவிட்டு முன்னால் வந்து நின்றாய். இன்றைக்கும் அந்தப் படத்தில் பச்சையம்மாளுக்கு ஒரு காதும் அரை மூக்கும்தான் இருக்கிறது. அவள் மன்னித்துவிட்டாள். நான் இல்லை.

இன்னொன்றையும் ஞாபகப்படுத்துகிறேன். போன வருஷம் மாசி மாதம், நீலக்கவரில் வந்த கடிதத்தில், இந்த ஆறு பாட்டையும் முதலில் எழுதி வைத்த பழைய காகிதத்தின் படத்தை லைப்ரரியில் பார்த்தேன், அதில் ஹார்ப்சிகார்டுக்கும் கூடவே பிடிலுக்கும் என்றுதான் தலைப்பு இருக்கிறது, பெட்டிதான் முதலில், வேடிக்கையாக இல்லையா அம்மா என்று எழுதினாய். அந்தக் கடிதம் அரிசிப் பானைக்குப் பின்னால் இருக்கிறது, நீ வேண்டுமானால் ரிஜிஸ்தர் தபாலில் அனுப்புகிறேன். எழுதினவனே அவளை முதலில் போட்டிருக்கிறான், நடுவில் நீ யார்?

இவ்வளவு எதற்கு எரிகிறாள் கிழவி என்று நினைப்பாய். கூடத்துச் சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிற பாராட்டுப் பத்திரம் உனக்கு நினைவிருக்கும், அதன் கீழே உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதுவாய். 1958 தை மாதம் நெய்த புடவைக்கு வந்தது, ஊதா உடல், கிளிப்பச்சைக் கரை, கரை முழுக்க மாங்காய். கோர்வைப் புடவை என்றால் கரை தனி நாடா, உடல் தனி நாடா என்பது உனக்குத் தெரியும். இடது கரைக்கு ஒன்று, உடலுக்கு ஒன்று, இரண்டையும் உன் நைனா போட்டார். வலது கரை நாடாவை அவர் பக்கத்தில் உட்கார்ந்து நான் போட்டேன். ஒரு முறை நான் கண் அசந்தால் கரையும் உடலும் ஒன்றையொன்று பிடிக்காது, நடுவில் வாய் பிளந்து நிற்கும். அப்போது உன் தம்பி வயிற்றில் ஏழு மாதம், தங்காமல் போனானே அவன்தான். வயிறு இடிக்க இடிக்கக் குனிந்து போட்டேன். ஜில்லாவிலேயே நல்ல புடவை என்று பரிசு கொடுத்தார்கள். நெசவாளர் சங்கத்துக் குமாஸ்தா காத்தவராயன் பத்திரத்தில் நெசவாளர் சுப்பராயலு என்று மட்டும் எழுதிக்கொண்டு வந்தான். என் பேரு எங்கே என்று வாய்விட்டே கேட்டேன். அவன் சிரித்துக்கொண்டே, பொம்பளைங்க பேருல்லாம் எதுக்கு அண்ணி, நீங்க சும்மா பக்கத்துல உக்காந்துகினுதானே இருந்தீங்க என்றான். உன் நைனா அதைக் கேட்டுக்கொண்டே மீசையைத் தடவிக்கொண்டார்.

அன்றிலிருந்து காத்தவராயன் வீட்டு வாசல் மிதிக்கவில்லை. அவன் இரண்டு பெண் கல்யாணத்துக்கும் போகவில்லை, பத்திரிகையை மட்டும் வாங்கிக்கொண்டேன். போன மாதம் செய்யார் பஸ்ஸில் எழுந்து நின்று, உக்காருங்க அண்ணி, கால் வலிக்கும் என்று இடம் கொடுத்தான். வலிக்கட்டும் என்று செய்யார் வரைக்கும் நின்றுகொண்டே போனேன். முட்டி வலி அதனால் வந்ததுதான், டாக்டரிடம் சொல்லவில்லை, நீயும் அக்காவுக்கு எழுதாதே. உன் நைனா போய் ஏழு வருஷம் ஆகிறது, நல்ல மனுஷன், ஒரு நாள் என்னைப் பட்டினி போட்டதில்லை, கை நீட்டியதில்லை. ஆனாலும் வெள்ளிக்கிழமை தோறும் அந்தக் கண்ணாடியைத் துடைக்கும்போது அந்த மீசையைத் தடவினது ஞாபகம் வந்துவிடும், உடனே அவர் படத்துக்கு முன்னால் வைக்கிற காப்பியில் மனசுக்குள்ளேயே சர்க்கரையைக் குறைத்துவிடுவேன். மூன்றில் ஒரு நாடா போட்ட எனக்கே இருபத்தைந்து வருஷமாக எரிகிறது. மூன்றில் இரண்டு போடுகிறவளுக்கு எப்படி எரியும் என்று யோசித்துப் பார். நியாயமாகப் பார்த்தால் அந்தத் தறியில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது நீ. அது கேவலம் இல்லை, நான் உட்கார்ந்த இடம்தான். நீ இல்லாவிட்டால் அந்தப் பாட்டும் வாய் பிளந்துதான் நிற்கும்.

வேறு ஆளைத் தேடாதே. அந்த மூன்று பாட்டை நான் ஐந்து முறை கேட்டுவிட்டேன், வீரன் பேஜார் பண்றியே ஆயா என்று சொல்லிச் சொல்லி முதலிலிருந்து சுற்றிப் போட்டான். நீங்கள் இரண்டு பேரும் ஒருத்தர் மூச்சு இன்னொருத்தருக்குத் தெரிந்து வாசிக்கிறீர்கள். இரண்டாவது பாட்டில் மெதுவாகப் போகிற இடத்தில் நீ ஒரு நூல் பிந்தினாய், அவள் உனக்காக நின்றாள், அதைச் சத்தமில்லாமல் செய்தாள். அதைச் செய்ய எனக்கும் உன் நைனாவுக்கும் ஒன்பது வருஷம் பிடித்தது. புது ஆளோடு ஐந்தாம் தேதிக்குள் அது வராது.

இதோடு ஒரு துண்டுக் காகிதம் மடித்து வைத்திருக்கிறேன், அது உனக்கில்லை, லிஸ்பெத்துக்கு. நீ இரண்டு நாடா போடுகிறாய், நான் கேட்டேன், இப்படிக்குக் கன்னியம்மாள், அவ்வளவுதான் எழுதியிருக்கிறேன். அவளுக்குத் தமிழ் தெரியாது, நீதான் எதிரில் போய் நின்று படித்துச் சொல்லவேண்டும். நாடா என்றால் என்ன என்று அவள் கேட்பாள், அதற்கும் பதில் சொல்லவேண்டும், தறி என்ன, கரை என்ன, உன் அம்மா யார் எல்லாம் சொல்லவேண்டும், அதற்கே ஒரு மணி நேரம் ஆகும். அவ்வளவு நேரம் ஒருத்தி எதிரில் நின்றுவிட்டு மன்னிப்புக் கேட்காமல் திரும்பிவர உன்னால் ஆகாது, எனக்குத் தெரியும், நான் பெற்றவள். மைக்கை நடுவில் வைத்து அந்த நாலாவதை மறுபடி வாசியுங்கள், அப்புறம் மிச்சம் இரண்டு. அட்டையில் எழுத்து ஒரே அளவு, அவள் பெயர் முதலில். இல்லையென்றால் எனக்குப் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள் ஏற்கெனவே நாலு பேர், ஐந்தாவதாக உன்னைக் காத்தவராயன் பக்கத்தில் உட்காரவைப்பேன். நீ அவனோடு செய்யார் வரைக்கும் போய்க்கொண்டிரு.

மற்றபடி மழை விடாமல் பெய்கிறது, கமண்டல நதியில் தண்ணீர் கரை தொட்டு ஓடுகிறது, பாவு நூலில் ஈரம் காயாமல் தறி மூன்று நாள் சும்மா கிடந்தது. பச்சையம்மாளின் பெரியவள் பாஞ்சாலை பத்தாவது எழுதப் போகிறாள், மாமா மாதிரி பிடில் வேண்டும் என்கிறாள், முதலில் அக்கம்பக்கம் பார்த்து நிற்கக் கற்றுக்கொள் என்றிருக்கிறேன். குளிரில் காதைக் கட்டிக்கொண்டு போ, அந்தக் காதுதான் உனக்குச் சோறு போடுகிறது. எண்ணெய் தேய்த்துக் குளிப்பதை நிறுத்திவிட்டாய் என்று உன் எழுத்தின் சூட்டிலிருந்தே தெரிகிறது. கடவுள் உனக்கும் அந்தப் பெண்ணுக்கும் கை நடுங்காமல், நரம்பு அறாமல், ஐந்தாம் தேதி நல்ல வெளிச்சத்தைக் கொடுக்கட்டும்.

நேற்று வெள்ளிக்கிழமை இல்லை, இருந்தாலும் அந்தப் பத்திரத்தைச் சுவரிலிருந்து இறக்கினேன். மாப்பிள்ளை ஆணியைக் கழற்றிக் கண்ணாடியை எடுத்துக் கொடுத்தார், எதற்கு என்று கேட்கவில்லை, நல்ல பிள்ளை. நெசவாளர் சுப்பராயலு என்று இருந்ததல்லவா, அதற்குப் பக்கத்தில் இருந்த வெற்றிடத்தில், இதோ இந்தக் கடிதம் எழுதுகிற இதே பேனாவால், என் பெயரை எழுதினேன். மூன்று சுழி ண-வும் இரண்டு சுழி ன-வும் கொஞ்சம் குழம்பிவிட்டது, எழுத்து மேலே ஏறி இறங்குகிறது, மை மட்டும் நன்றாகப் பிடித்துக்கொண்டது. மறுபடியும் மாட்டியாகிவிட்டது. காலையில் அதைப் பார்த்துக்கொண்டே காப்பி குடித்தேன், உன் நைனாவுக்கும் சர்க்கரை சரியாகப் போட்டேன்.

தட்டு வந்ததும் அட்டையை முதலில் பார்ப்பேன், பிறகுதான் பாட்டு. இதுவரைக்கும் உனக்கு எழுதின கடிதத்தில் எல்லாம் உன் அம்மா என்றுதான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
கன்னியம்மாள்,
நெசவாளர்.