ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவில்

உன் பழைய கணினியை இன்று காலை உன் தங்கை போட்டாள். தூசி சூடேறும் வாசனை வந்தது. மழைக்காலம் கழிந்து முதல் தடவை ஆம்ப்ளிஃபயரைப் போட்டால் வருமே, அதே வாசனை. ஆனால் திரை எழும்பவே இல்லை. அது போயேவிட்டது, கண்ணு. நான் சொல்லச் சொல்ல அவள்தான் இதை எழுதுகிறாள். எனக்கு ஏது எழுத்து.

நீ செய்த ஒலி மென்பொருளை அவள் முன்னமே வேறு கணினிக்குக் கொண்டுபோய்விட்டாள். உன் குரல் அதில் மட்டும்தான் திறக்குமாம். நீ போனபிறகு, நீ பேசிப் பதிந்தது எங்களிடம் வேறு எதுவும் இல்லை. "ஒண்ணு, ரெண்டு, மூணு, கேக்குதா நைனா?" அவ்வளவுதான். மாகறல் கோயிலில் மைக்செட் கட்டும்போது நான் எண்ணுவதைக் கிண்டல் செய்து, ஒவ்வொரு சோதனைக்கும் அதையே பேசுவாய்.

முன்பு ஒருமுறை நீ செய்ததும் இதே இடம் மாற்றும் வேலைதான். லினக்ஸ் என்ற கணினி அமைப்பில் ஓடுவதை ஃப்ரீபிஎஸ்டி என்ற இன்னொன்றிலும் ஓட வைக்கிறேன் என்றாய். இரண்டும் யார் வேண்டுமானாலும் உள்ளே போய்ப் பார்க்கக்கூடிய சத்திரம் மாதிரி, சமையற்கட்டு மட்டும் வேறு வேறு பக்கம் இருக்கும் என்றாய். பத்து நாளாக உனக்குச் சரியான சாப்பாடில்லை. கடைசியில் என்னைக் கூப்பிட்டு இரண்டையும் போட்டுக் காட்டினாய்.

"ரெண்டும் ஒண்ணா இருக்குதா நைனா?"

இல்லை. புதியதில் உன் குரல் மெலிந்து, ஓட்டமாக வந்தது. இசைத்தட்டைக் கொஞ்சம் வேகமாகச் சுற்றவிட்ட மாதிரி. உன் முகத்தைப் பார்த்தேன். ஒண்ணாத்தான் இருக்குது, சாப்பிட வா என்றேன்.

நீ அதை எல்லாருக்கும் அனுப்பிவிட்டாய். கடல் தாண்டி எங்கிருந்தோ ஒருத்தர், குரல் வேகமாக வருகிறதே என்று எழுதினார். ஒரு நொடிக் குரலை எத்தனை துண்டாக நறுக்குவது என்ற கணக்கு இரண்டு பக்கமும் ஒத்துப்போகவில்லையாம். நீ கோபப்படவில்லை. என் காது மந்தமாகிவிட்டது போல, வாலாஜாபாத் டாக்டரிடம் காட்டலாம் என்றாய். அதற்குமேல் என்னால் முடியவில்லை, பொய் சொன்னதை ஒப்புக்கொண்டேன்.

 பிறகு, "பயந்துகினு சரின்னு சொல்லாத நைனா. உன் காத நம்பித்தான் அனுப்பறேன்," என்றாய்.

இன்று உன் தங்கை புதிய கணினியில் உன் குரலைப் போட்டுவிட்டு, "அக்கா மாதிரியே இருக்குதா?" என்று கேட்டாள். ஒத்துப்பார்க்கப் பழைய பெட்டி இல்லை. என் தலைக்குள் இருப்பதுதான் மிச்சம். அதுவும் எத்தனை நாளைக்கு? தப்பான குரலை நாலு தடவை கேட்டால் உள்ளே இருக்கிற குரலும் அப்படியே மாறிப்போகுமோ என்று பயமாக இருக்கிறது.

அந்தப் பதிவில் ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவில் பக்கத்து வீட்டுத் தறி ஒரு அடி அடிக்கும். நீ அதற்காக நின்று, மூச்சை இழுத்துக்கொண்டு 'மூணு' என்பாய். இதில் தறியை ஒட்டியே 'மூணு' வந்தது, உன் மூச்சுக்கு இடமில்லை.

"இல்லமா. இது அவ இல்ல," என்றேன்.  என் காது பிசகியிருந்தால், பெற்ற மகளையே வேண்டாம் என்றவன் ஆவேன்.

அவள் ஏதோ கணக்கைத் தேடி மாற்றிவிட்டாள். எழுதி முடித்ததும் போடுகிறேன் என்கிறாள். அதனால்தான் முடிக்காமல் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். உதட்டுக்குள் எண்ணிக்கொண்டும் இருக்கிறேன்.

ஒண்ணு. ரெண்டு. தறி ஒரு அடி. உன் மூச்சு.