மடைப் பலகை ஸ்பீக்கர்

ஜனவரி 5, ஞாயிறு

காலை ஐந்தரைக்கே அண்ணன் வீட்டு டிவியில் பக்திப் பாடல். நடுவில் இருப்பது ஒரே ஒரு சுவர். வீட்டைப் பாகம் பிரித்தபோது எழுப்பியது. அன்றிலிருந்து பதினொரு வருடமாக நானும் சிவஞானம் அண்ணனும் பேசிக்கொள்வதில்லை. போன இரண்டு வருடமாகப் பேச்சுக்குப் பதிலாக இந்தச் சத்தத்தை அனுப்புகிறார்.

நானே ஒரு புளூடூத் ஸ்பீக்கர் செய்யப் போகிறேன். அவருக்குப் பதில் கொடுப்பதற்காக அல்ல. பிப்ரவரி 28 பள்ளியில் அறிவியல் கண்காட்சி. ஆசிரியர் அறையில் சொல்லியும்விட்டேன். என்னைவிட இரண்டு வருடம் இளையவரான பச்சமுத்து, இப்போது தலைமையாசிரியர், சிரித்துக்கொண்டே சொன்னார்: “ஆன்லைன்ல போட்டா ரெண்டு நாள்ல வந்துடுமே சார்.”

வரும். தலைமையாசிரியர் பதவியும் அவருக்கு அப்படித்தான் வந்தது.

ஜனவரி 12, ஞாயிறு

மரம் கிடைத்துவிட்டது. புயலில் கொட்டகைக் கூரை பறந்தபோது அசையாமல் கிடந்த ஒரே பொருள்: அப்பா காலத்து மடைப் பலகை. கடல் தண்ணீரைப் பாத்திக்குத் திறந்து மூடும் மடையில் முப்பது வருடம் நின்ற தேக்கு.

பாகப் பிரிவினையில் உப்பளம் அண்ணனுக்குப் போயிற்று. “படிச்சவனுக்கு உப்பு எதுக்குடா?” என்றார். எட்டாவது வரை படித்தவர். பிறகு நான் உப்பளத்திலிருந்து எடுத்துக்கொண்டது இந்தப் பலகை ஒன்றைத்தான். சைக்கிளில் கட்டும்போது, “அது உப்பு குடிச்ச பலகைடா, ஒண்ணுத்துக்கும் ஆவாது” என்றார். அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது இந்த இரண்டு வாக்கியம். முதலாவதற்கு என்னிடம் பதில் தயாராக இருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை திருத்திக்கொள்கிறேன்.

ஜனவரி 26, ஞாயிறு

கொடியேற்றம் முடிந்ததும் பலகையோடு ஆரோக்கியராஜின் தச்சுப் பட்டறைக்குப் போனேன். அறுத்து விழுந்த தூளை விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தான்.

“கரிக்குது சார். வேற மரம் தரட்டா?”

பழைய தேக்கின் அடர்த்தியைப் பற்றியும், அதில் தாழ்ந்த ஒலி எப்படி எழும் என்பதைப் பற்றியும் விளக்கினேன். பாதியில் மெஷினைப் போட்டுவிட்டான். என் பேச்சு கேட்கக் கூடாது என்றுதான் போட்டான் என்று நினைக்கிறேன்.

பிப்ரவரி 2, ஞாயிறு

பெட்டி முடிந்தது. முப்பத்திரண்டு இரும்பு ஸ்குரு, இரண்டு நாலங்குல ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபையர் போர்டு, பேட்டரி. என் கைபேசியில் சார்ஜ் இல்லை. மனைவி கலைமதியின் கைபேசியை இணைத்தேன். அவள் சமையல் வீடியோவைப் பாதியில் விட்டிருக்கிறாள். என் ஸ்பீக்கர் பேசிய முதல் வாக்கியம்: “கடுகு பொரிஞ்சதும் அடுப்பைக் குறைச்சுக்கணும்.”

ஆனால் என்ன ஒரு குரல்! அந்தப் பெண் எங்கள் கூடத்தில் நின்று தாளிப்பது போல இருந்தது.

“நல்லாத்தாங்க இருக்குது” என்றாள் கலைமதி. இருபது வருடத்தில் இது மூன்றாவது பாராட்டு.

பிப்ரவரி 9, ஞாயிறு

உப்பளச் சாலையில் அண்ணன் நடுரோட்டில் நடந்துகொண்டிருந்தார். பின்னாலிருந்து ஐந்து முறை பைக் ஹாரன் அடித்தேன். திரும்பவில்லை. ஒதுங்கவும் இல்லை. மண்ணில் இறக்கி ஓட்டிக்கொண்டு வந்தேன்.

வீட்டில் சொன்னதற்கு, “காதுல வுழுந்திருக்காதுங்க” என்கிறாள்.

வுழாம எங்க போவும்? திமிரு.

பிப்ரவரி 18, செவ்வாய்

மாசிப் பனி. காலையில் பெட்டி மேல் முழுக்க ஈரம். துடைத்தேன். மாலையில் மறுபடி ஈரம். ஒவ்வொரு ஸ்குருவின் கீழும் பழுப்பாக ஒரு கோடு வழிந்திருக்கிறது. வார்னிஷ் போதவில்லை போல. இன்னொரு பூச்சு அடித்தேன்.

பிப்ரவரி 28, வெள்ளி

கண்காட்சியில் ஸ்பீக்கர் பேசவில்லை.

எல்லாருக்கும் முன்னால் பெட்டியைத் திறந்தேன். போர்டு முழுக்கப் பச்சை பூத்திருந்தது. பச்சமுத்து தன் கைபேசியை ஒரு எவர்சில்வர் டம்ளருக்குள் நிறுத்திப் பாட்டுப் போட்டார். பிள்ளைகள் கைதட்டினார்கள். டம்ளர் நன்றாகத்தான் பாடியது.

மார்ச் 2, ஞாயிறு

அண்ணி ஞானாம்பாளும் கலைமதியும் பேச்சை நிறுத்தியதே இல்லை. சுவர் ஆண்களுக்கு மட்டும்தான். அந்த வழியாக இன்று வந்த சேதி:

“உப்பு குடிச்ச மரத்த நாப்பது நாளு நல்ல தண்ணில ஊறப்போடணுமாம். மூணு நாளைக்கு ஒருக்கா தண்ணிய மாத்தணுமாம். இரும்பு ஆவாதாம், மூங்கில் ஆணிதான் அடிக்கணுமாம். உங்க அண்ணன் சொன்னாராம்.”

உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் என்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். அந்தப் பாடத்தை நடத்துகிறவனுக்கு மட்டும் மரத்தில் இருந்த உப்பு தெரியவில்லை. அவர் சொன்னதற்காக இல்லை. எனக்கே தோன்றியதால் பெட்டியைப் பிரித்துத் தொட்டியில் போட்டு, நம் போர்வெல் தண்ணீரை நிரப்பினேன்.

மார்ச் 9, ஞாயிறு

பலகையை நாக்கில் வைத்துப் பார்த்தேன். முன்பைவிடக் கரிக்கிறது.

நம் போர்வெல் தண்ணீரே உப்பு. உப்பை எடுக்க உப்புத் தண்ணீர் ஊற்றிய முதுகலை இயற்பியல் பட்டதாரி நானாகத்தான் இருப்பேன். குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள் ஆறு குடம் வருகிறது. “குடிக்கிற தண்ணிய மரத்துக்கு ஊத்துவீங்களா?” என்று கலைமதி கேட்டதில் நியாயம் இருக்கிறது.

நல்ல தண்ணீர்க் கிணறு ஒன்றுதான். பாகத்தில் அது சுவருக்கு அந்தப் பக்கம் போய்விட்டது.

பலகையை விறகாக்கிவிடலாமா? ஆக்கினால் “ஒண்ணுத்துக்கும் ஆவாது” என்பது உண்மையாகிவிடும். ஆக்காவிட்டால் போய்க் கேட்க வேண்டும். இதில் எது கேவலம்?

மார்ச் 16, ஞாயிறு

போனேன்.

கையில் குடம். பதினொரு வருடப் பதில் வாயில். முதலில் அதைச் சொல்லிவிட்டு அப்புறம்தான் தண்ணீர் கேட்பது என்று தீர்மானம். அவர் டிவிக்கு இரண்டடி முன்னால் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். நான் ஆரம்பித்தேன்: படித்தவனுக்கும் உப்பில் உரிமை உண்டு, அப்பாவிடம் கையெழுத்து வாங்கிய அன்றைக்கு நான் ஊரில் இல்லை –

“இன்னா?” என்றார்.

மறுபடி சொன்னேன். வலது காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக்கொண்டு, “இன்னாடா சொல்ற?” என்றார். அண்ணி உள்ளேயிருந்து, “சத்தமா சொல்லு காசி. ரெண்டு வருசமா அவருக்குக் கேக்கறதில்ல. காதுக்கு மெஷின் வெச்சுக்கச் சொன்னா வெக்க மாட்றாரு” என்றாள்.

ரெண்டு வருசமா. அப்போ அந்த ஹாரன்? காலைல அந்தப் பாட்டு? யாருக்குப் போட்டாரு? எனக்கில்லையா?

அந்தப் பதிலைக் கத்திச் சொல்லிப் பார்க்கலாம். தெருவே கேட்கும். அவர் ஒருவர்தான் கேட்க வேண்டும் என்று திருத்தித் திருத்தி வைத்திருந்தது.

“தண்ணி வேணும்ணா!” என்று கத்தினேன்.

“அந்தப் பலகைக்கா? அதுக்குத்தான் கதவத் தாப்பா போடாம வெச்சிருக்கேன் ரெண்டு வாரமா. எடுத்துக்கடா.” குடத்தைப் பார்த்தார். “இத்தினூண்டு குடத்துலயா? படிச்சவன்டா நீ.”

மார்ச் 19, புதன்

எட்டுக் குடம். இடுப்பு வலி.

ஏப்ரல் 6, ஞாயிறு

தண்ணீருக்குப் போகும்போதெல்லாம் அவர் ஏதாவது கேட்கிறார். நான் கத்துகிறேன். சண்டை என்று நினைத்து எதிர்வீட்டுக்காரர் இரண்டு முறை வந்து விலக்கப் பார்த்தார்.

ஏப்ரல் 25, வெள்ளி

நாற்பது நாள். தொட்டியில் வைத்தே நாக்கால் தொட்டேன். மரம் மரமாக இருக்கிறது. நிழலில் காய்கிறது.

மே 11, ஞாயிறு

அண்ணன் சீவித் தந்த மூங்கில் ஆணி நாற்பது. எட்டு மிச்சம். புது போர்டை ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் அடைத்து வைத்தேன். அவர் வீட்டில் வைத்தே போட்டுப் பார்த்தோம். பாட்டு ஆரம்பித்தும் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் உள்ளங்கையைப் பெட்டி மேல் வைத்தார். ரொம்ப நேரம் கையை எடுக்கவில்லை.

“கையில கேக்குதுடா” என்றார்.

ஒருநாள் சோதனைக்காக அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். சோதனைக்காகத்தான்.

மே 25, ஞாயிறு

காலை ஐந்தரைக்குப் பக்திப் பாடல். முன்னைவிட இரண்டு மடங்கு சத்தம். தவிலின் அடி சுவர் வழியாகக் கட்டிலுக்கே வருகிறது. பழைய தேக்கு. நான் சொன்னதுதான்.

“கொறைக்கச் சொல்லட்டுமாங்க?” என்றாள் கலைமதி, கண்ணைத் திறக்காமல்.

வேண்டாம் என்றேன். மூங்கில் ஆணியில் ஒன்று லேசாக அதிர்கிறது, இடது பக்கம், கீழே. விடிந்ததும் போய் இறுக்க வேண்டும்.