தூக்கிச் சென்றவனை இடித்தவன் என்று சொல்லும் பதிவை நீக்கக் கோரி

அனுப்புநர்
வாடகை கார் ஓட்டுநர் (தற்போது மார்க்கெட்டில் மூட்டை இறக்குபவர்),
மேம்பாலத்துக்கு அடியிலுள்ள தெரு, மாடி வீடு.

பெறுநர்
காவல் கண்காணிப்பாளர் அவர்கள்,
மாவட்டக் காவல் அலுவலகம்.

பொருள்: விடுதலையான வழக்கின் பதிவை நீக்க வேண்டுதல் – மூன்றாவது மனு.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் வாடகை கார் ஓட்டிப் பிழைத்தவன். ஒரு மழை நாள் மாலை, ரவுண்டானா அருகே ஒரு தையற்காரர் அடிபட்டுக் கிடந்தார். இடித்த லாரி போய்விட்டிருந்தது. சுற்றி நின்றவர்கள் செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் அவரைப் பின் சீட்டில் கிடத்தி மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன். அவருக்கு நினைவில்லை. என் சட்டையிலும் சீட்டிலும் ரத்தம். அதுவே சாட்சியாகி, நானே இடித்ததாக வழக்குப் பதிவானது. கார் ஓட்டும் வேலையும் போனது.

2. தையற்காரர் தேறி எழுந்து பேச மாதக்கணக்காயிற்று. தேறியதும் தாமாகவே நீதிமன்றம் வந்தார். "என்னை இடிச்சது லாரிங்க. இவரு தூக்கிட்டுப் போனவரு" என்று கூண்டில் நின்று சொன்னார். நீதிபதி என்னைக் குற்றமற்றவன் என்று விடுவித்தார். அத்தோடு முடிந்தது என்று வீட்டில் எல்லோரும் நிம்மதியாகத் தூங்கினோம்.

3. முடியவில்லை. ஒரு பள்ளியில் வேன் ஓட்ட ஆள் எடுத்தார்கள். நன்னடத்தைச் சான்று கேட்டார்கள். தங்கள் அலுவலகம் தந்த சான்றில் வழக்கு இருந்தது, விடுதலை இல்லை. பள்ளி மேலாளர் அம்மா மரியாதையாகத்தான் பேசினார். "உங்களை நம்புறேண்ணே. ஆனா பெத்தவங்க கேட்டா நான் என்ன சொல்ல?" என்றார். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. அதன்பின் ஏறி இறங்கிய இடங்களில் உட்காரக்கூடச் சொல்லவில்லை.

4. தங்கள் அலுவலக எழுத்தர் தீர்ப்பின் நகலை இருமுறை வாங்கிக்கொண்டார். இருமுறையும் காணாமல் போனது. கடைசியாக, "கோர்ட்டு விட்டாலும் கம்ப்யூட்டர் விடணுமே" என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்துவிட்டு வந்தேன். வேறென்ன செய்ய?

5. இதை எழுதலாமா என்று யோசித்தே எழுதுகிறேன். போன வாரம் மனைவியுடன் பைக்கில் போகையில், காய்கறிப் பையோடு ஒரு அம்மா அடிபட்டு விழுந்து கிடந்தார். வண்டியை நிறுத்தினேன். இறங்கவில்லை. "பேசாம போயிடலாங்க, நாம பட்டது போதாதா" என்றாள் மனைவி. கல்நெஞ்சக்காரி அல்ல அவள். வேறு இருவர் வந்து அந்த அம்மாவைத் தூக்கும்வரை நான் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்கு வந்து இருவரும் சாப்பிடவில்லை. வேலை போனதைத் தாங்கிக்கொண்டேன். இதைத் தாங்க முடியவில்லை, ஐயா.

6. ஆகவே, அந்தப் பதிவை நீக்க வேண்டுகிறேன். விதி இடம் தராவிட்டால், வழக்குக்கு நேரே 'விடுதலை' என்ற ஒரு சொல்லைச் சேர்க்க வேண்டுகிறேன். அதுவும் முடியாதென்றால், முடியாது என்பதையாவது எழுதிக் கையொப்பமிட்டுத் தாருங்கள். அதை வைத்து உயர் நீதிமன்றத்தில் கேட்கலாம் என்கிறார் எங்கள் வக்கீலம்மா. இம்மூன்றில் எதுவானாலும் சரி. பதில் என்று ஒன்று வேண்டும்.

தீர்ப்பின் நகலை மறுபடியும் இணைத்துள்ளேன்.

இடம்: தங்கள் அலுவலகத் தாழ்வாரம்
நாள்: திங்கட்கிழமை

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
(கையொப்பம்)
ஓட்டுநர்

உடன் கையொப்பமிடுபவர்: விபத்தில் அடிபட்ட தையற்காரர். வலது கை இன்னும் மடங்கவில்லை. இடது கையால் போட்டிருக்கிறார். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை.